அட்டவணையின் இரண்டாம் வரிசை

கணக்கு வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தில் மெய்பொய் என்று பெயர். பொய் சொல்கிறவர் என்பதால் வந்த பெயர் இல்லை. பாவம், அதற்கான சாமர்த்தியம் அவருக்குப் போதாது. பதினொன்றாம் வகுப்புக்குத் தருக்கம் நடத்த வந்த முதல் நாளே கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் மெய் என்றும் மறுபக்கம் பொய் என்றும் எழுதி, "எந்தக் கூற்றா இருந்தாலும் இந்த ரெண்டு பக்கத்துல ஒண்ணுக்குத்தான் வந்தாகணும். நடுவுல நிக்க இடம் கிடையாது" என்றார்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "சாப்பாட்டு மணி எப்ப சார் அடிக்கும்?"

"அது கேள்வி. கேள்வி கூற்று ஆகாது. உட்காரு."

அன்று மதியத்துக்குள் பெயர் ஒட்டிவிட்டது.

அவர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். தற்காலிகம்தான். வருஷக் கடைசியில் நிரந்தரமாக்கிவிடலாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். வாயால் சொன்னதோடு சரி. அந்தப் பள்ளியில் எழுத்தில் இல்லாத எதற்கும் உயிர் கிடையாது. குழாய் ஒழுகினாலும், விளக்கு எரியாவிட்டாலும், ஓர் ஆசிரியர் பழுதுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பராமரிப்புக்காரர் கை வைக்கலாம். அவரை எல்லோரும் ஸ்பேனர் அண்ணன் என்பார்கள். எழுதாமல் கை வைத்து ஒரு முறை விளக்கம் கேட்கும் கடிதம் வாங்கியவர். அதிலிருந்து யார் எதைக் காட்டினாலும் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். பதிவேடு தலைமையாசிரியர் அறையில், கண்ணாடி அலமாரிக்குள், பூட்டுக்குள் இருந்தது. பழுது எழுதுகிற ஆசிரியரிடம், "உங்க வகுப்புல மட்டும் ஏன் எல்லாம் உடையுது?" என்று தலைமையாசிரியர் கேட்பார். ஆகவே யாரும் எழுதுவதில்லை. ஆகவே பதிவேட்டின்படி அந்தக் கட்டடத்தில் பழுதே இல்லை.

மெய்பொய்யின் பாடமுறை எளிமையானது. மேசைமேல் ஒரு காலிச் சாக்பீஸ் டப்பா. தினமும் ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் போட வேண்டும். பெயர் போடக் கூடாது. அவர் ஐந்து சீட்டை எடுத்துப் படிப்பார். அது கூற்றா இல்லையா என்று வகுப்பு தீர்ப்புச் சொல்லும்.

"கதவைச் சாத்து."

"கட்டளை சார். தூக்கிப் போடுங்க."

"நாளைக்குப் பரீட்சை இல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்."

"ஆசை சார். ஆனா நல்ல ஆசை."

"கணக்கு சாரின் மீசை அவருக்குப் பொருந்தவில்லை."

இதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து கால் மணி நேரம் சண்டை போட்டது. அது கருத்து, ஆளுக்கு ஆள் மாறும், கூற்று ஆகாது என்று முடிவானது. அப்படி முடிவானதில் அவருக்கு ஓர் ஆறுதல்.

ஒரு திங்கட்கிழமை வந்த சீட்டில் நீல மையில், சாய்வில்லாத முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது: 'மாடிப்படித் திருப்பத்தில் கைப்பிடி ஆடுகிறது.'

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூன்று வாரமாகத் தேடிய பொருள் தெருவில் கிடைத்தது போல. கேள்வி இல்லை, கட்டளை இல்லை, கருத்து இல்லை. ஆடும், அல்லது ஆடாது.

"பார்த்தீங்களா? இதுதான் கூற்று. துடைச்சு வெச்ச மாதிரி சுத்தமா இருக்கு."

ஜன்னலோரப் பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். நெட்டை என்று கூப்பிடுவார்கள். "சார், அது நிஜம் சார்."

"நிஜமா பொய்யான்றது நம்ம வேலை இல்லம்மா. நிஜமாவோ பொய்யாவோ இருக்க முடியுமான்றது மட்டும்தான் நம்ம வேலை."

நாற்பத்தொரு பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நெட்டையும் எழுதினாள்.

அந்தக் கூற்றை அவர் லேசில் விடவில்லை. செவ்வாய்க்கிழமை அதற்கு 'ப' என்று பெயர் வைத்து மறுப்பு நடத்தினார்: கைப்பிடி ஆடவில்லை. புதன்கிழமை 'கைப்பிடி ஆடுகிறது, அல்லது ஆடவில்லை' என்று எழுதி, "இது எந்தக் காலத்துலயும் பொய்யாகாது. இதுக்கு மெய்மம்னு பேரு" என்றார். வியாழக்கிழமை நிபந்தனைக் கூற்று. 'கைப்பிடி ஆடினால், யாராவது விழுவார்கள்.' நான்கு வரிசையில் மெய்மை அட்டவணை போட்டார். முன்பகுதி பொய்யாக இருக்கும்போது மொத்தக் கூற்றும் எப்படி மெய்யாகிறது என்பது ஒருவருக்கும் ஏறவில்லை.

"சரி, இப்படிப் பாருங்க. நீங்க எல்லாரும் பாஸானா நான் மீசையை எடுத்துடுறேன்னு சொல்றேன். ஒருத்தன் ஃபெயில். அப்ப நான் மீசையை எடுத்தாலும் சரி, வெச்சிருந்தாலும் சரி, என்னைப் பொய்யன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

"எப்ப சொல்லலாம்?"

"நாங்க எல்லாரும் பாஸாகி, மீசையும் அப்படியே இருந்தா."

"அதான் ரெண்டாம் வரிசை. முன்னது மெய், பின்னது பொய். அந்த ஒரே ஒரு வரிசையிலதான் சொன்னவன் பொய்யனாவான். மத்த மூணுலயும் தப்பிச்சுக்கலாம்."

"ஃபெயிலாகுறதுக்கு இந்தப் பையனைத் தயார் பண்றோம் சார். மீசை பத்திரமா இருக்கும்" என்றது பின்பெஞ்சு.

நன்றாக நடந்த வகுப்பு. மனசு நிறைந்து வீட்டுக்குப் போனார். போகும்போது அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் இறங்கினார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் குடை; கைப்பிடியைத் தொட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

அடுத்த செவ்வாய் காலை, முதல் மணி அடிக்கும் நேரம், இலக்கண டீச்சர் நாற்பது நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். மூச்சு வாங்கியது, திருப்பத்தில் நின்று கைப்பிடியில் சாய்ந்தார். கைப்பிடி சுவரோடு பிடித்திருந்த இடத்திலிருந்து விட்டுக்கொண்டது. ஒன்றரை ஆள் உயரம். கீழ்த்தளத்தில் நோட்டுகள் முதலில் விழுந்தன, பிறகு டீச்சர். இடுப்பெலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். பழையபடி நடப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அன்று மெய்பொய் வகுப்புக்குப் போய், பழக்கதோஷத்தில் டப்பாவைக் கவிழ்த்தார். ஒரே ஒரு சீட்டு விழுந்தது. நீல மை, சாய்வில்லாத எழுத்து.

'நான் சொன்னேன் சார்.'

அதை வாய்விட்டுப் படிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் கழித்து எல்லோரையும் புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொன்னார். மணி அடித்ததும் நெட்டை மேசையருகே வந்து நின்றாள்.

"அந்தச் சீட்டு ஏன்மா டப்பால போட்ட? என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"ஸ்பேனர் அண்ணன்கிட்ட முதல்ல சொன்னேன் சார். டீச்சர் யாராவது எழுதினாத்தான் தொட முடியும்னாரு. பதிவேட்டுல நாங்க எழுதக் கூடாதாம். அதான் உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நிஜம்னும் சொன்னேன்."

அவள் பையை மாட்டிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். இலக்கண டீச்சருக்கும் அவருக்கும் ஆசிரியர் அறையில் ஓயாத வம்பு. வாக்கியம் என்றால் அது தன் சொத்து, கணக்குக்காரர்கள் வேலி தாண்டி மேய்கிறார்கள் என்பது டீச்சரின் வாதம். இப்போது காலில் பாரம் கட்டிப் படுத்திருந்தார்.

"வாங்க மெய்பொய். உட்காருங்க. நான் எழுந்து வரவேற்க மாட்டேன்."

"டீச்சர், அந்தக் கைப்பிடி..."

"தெரியும். உங்க போர்டைப் பார்த்தேனே. போன வாரம் உங்களுக்கு அடுத்த பீரியட் எனக்கு. நீங்க அழிக்காம விட்டுட்டுப் போவீங்க, நான் அழிப்பேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எழுவாய் இருக்கா, பயனிலை இருக்கா, ஒற்று சரியா விழுந்திருக்கான்னு பார்த்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கலையேன்னு வருத்தத்தோட அழிச்சேன்." கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு பேருமா சேர்ந்து எவ்வளவு நல்லாப் படிச்சிருக்கோம் பாருங்க."

சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் இமையோரத்தில் நீர் இறங்கிக் காதுப் பக்கமாக ஓடியது. இவர் ஜன்னலைப் பார்த்தார்.

வியாழக்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். மறுநாள் நிர்வாகக் குழு விசாரணைக்கு வருகிறது. மேசையில் தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கும் இலக்கண டீச்சர் தவிர எல்லா ஆசிரியர்களும் வரிசையாகக் கையெழுத்திட்டிருந்தார்கள். கடைசி இடம் மட்டும் காலி.

'கைப்பிடியின் நிலை குறித்து எனக்கு எழுத்து மூலம் தகவல் வந்திருந்தால், உடனே பதிவேட்டில் ஏற்றியிருப்பேன்.'

"அப்ப யார் மேல சார் தப்பு?" என்றார் மெய்பொய்.

"தினமும் சுத்தி வந்து பார்க்க வேண்டியவர் பராமரிப்புக்காரர். அவர் பார்க்கலை. நாளையோட கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. எனக்கும் வருத்தம்தான். இருபத்திரண்டு வருஷமா இருக்கிறவர்." தாளை இவர் பக்கம் நகர்த்தினார். "உங்க நிரந்தர உத்தரவும் நாளைக்கு அவங்க கையெழுத்துக்கு வெச்சிருக்கேன்."

மெய்பொய் அந்த வாக்கியத்தைப் பார்த்தார். அதுவும் ஒரு கூற்றுதான். துடைத்து வைத்த மாதிரி சுத்தம். தகவல் வந்திருந்தால், ஏற்றியிருப்பேன். மற்ற பதினேழு பேருக்கும் முன்பகுதி பொய். அவர்கள் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம், எவனும் பொய்யன் என்று சொல்ல முடியாது. இலக்கண டீச்சர் போட்டால்கூடத் தப்பித்துக்கொள்வார். பலகையில் பார்த்ததைத் தகவல் என்று யார் சொல்வார்? தகவல் வந்து ஏற்றாமல் விட்டது ஒரே ஒருவர். நான்கு வரிசையில் ஒரு வரிசை, அதில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

சட்டைப் பையில் விரல் போனது. முதல் சீட்டையும் அவர் தூக்கிப் போடவில்லை. நல்ல உதாரணம் என்று பத்திரப்படுத்தியிருந்தார். இரண்டையும் எடுத்துத் தாளின் மேல் வைத்தார்.

"எழுத்து மூலம் வந்தது சார். எனக்குத்தான் வந்தது."

தலைமையாசிரியர் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். "பெயர் இல்ல, தேதி இல்ல. இது பாடத்துக்கு எழுதினதுதானே? உதாரணம்."

"உதாரணம்னுதான் நானும் நினைச்சேன்."

"அப்ப அப்படியே நினைச்சுக்குங்க. நான் சொல்றது உங்க நல்லதுக்கு."

பேனாவை எடுத்தார். அந்த வேலை அவருக்கு வேண்டும். அம்மாவிடம் நிரந்தரமாகிவிட்டது என்று போன வாரமே சொல்லிவைத்திருந்தார். அது ஒன்றுதான் அவர் வாழ்நாளில் துணிந்து சொன்ன பொய். அதுவும் நாளைக்கு மெய்யாகியிருக்கும். தட்டச்சுக்குக் கீழே காலி இடத்தில் எழுதினார்:

'கைப்பிடி ஆடுகிறது என்று எழுத்தில் எனக்குத் தகவல் வந்தது. உண்மை என்று வாயாலும் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. பதிவேட்டில் எழுதவில்லை.'

கையெழுத்துப் போட்டார்.

தலைமையாசிரியர் நெடுநேரம் படித்தார். நாலு வாக்கியத்துக்கு அது அதிக நேரம். "மாசக் கடைசி வரைக்கும் வாங்க. அப்புறம் பார்க்கலாம்" என்றார். 'அப்புறம்' என்பதற்கு அந்த அறையில் ஒரே அர்த்தம்தான்.

"பதிவேட்டுச் சாவி வேணும் சார்."

"எதுக்கு?"

"அந்த இடம் இன்னும் திறந்துதான் கிடக்கு."

அது நிஜம். கைப்பிடி விழுந்து மூன்றாம் நாளாகியும் திருப்பத்தில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். விசாரணைக்கு முன்னால் பழுது என்று எழுதினால் பழுது இருந்தது என்று ஆகிவிடும். அதனால் யாரும் எழுதவில்லை. யாரும் எழுதாததால் ஸ்பேனர் அண்ணன் தொடவில்லை. நானூறு பேர் அந்தப் பெஞ்சை உரசிக்கொண்டு ஏறி இறங்கினார்கள்.

தலைமையாசிரியர் சாவியை மேசைமேல் போட்டார். பதிவேட்டின் கடைசிப் பதிவு இரண்டு வருஷத்துக்கு முந்தியது. அதற்குக் கீழே தேதி போட்டு எழுதினார்.

ஸ்பேனர் அண்ணன் படிக்கட்டில் நின்றிருந்தார், கைகள் பின்னால். நாளைக்குத் தன்னை அனுப்பப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அனுப்புவது இப்போது நிச்சயமில்லை என்பது தெரியாது.

"எழுதிட்டேன்" என்றார் மெய்பொய்.

"கையெழுத்து?"

"போட்டாச்சு."

"போன வாரம் போட்டிருந்தா பத்து நிமிஷ வேலை சார்." குரலில் கோபம் இல்லை, நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார். குனிந்து துளையிடும் இயந்திரத்தை எடுத்தார். "சும்மா நிக்காம அந்தப் பக்கம் பிடிங்க."

மெய்பொய் கைப்பிடிக் குழாயின் மறுமுனையைப் பிடித்தார். சுவரிலிருந்து வெள்ளைத் தூள் அவர் மீசையில் விழுந்தது. ஸ்பேனர் அண்ணன் நான்கு திருகாணிகளையும் திருகி முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆடுதா?"

மேல்படியில் யாரோ நிற்பது தெரிந்தது. நெட்டை. புத்தகங்களை அணைத்தபடி, இறங்காமல், பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெய்பொய் பெஞ்சை ஓரமாகத் தள்ளினார். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, உடம்பின் கனம் முழுவதையும் அதன்மேல் போட்டு, ஒரு முறை உலுக்கினார். பிறகு இன்னொரு முறை. அவள் இறங்கிவரும் வரை உலுக்கிக்கொண்டே இருந்தார்.