மடித்த இலை

நெடுஞ்சாலைச் சாப்பாடு காளிதாஸுக்கு ஆகாது. ஊருக்குள் புகுந்து, பெயர்ப்பலகைகூட இல்லாத கடையாகத் தேடிப் பிடிப்பான். யோங் பெங் என்ற மலேசியச் சிற்றூரில் அப்படி அகப்பட்டதுதான் அந்த வாழையிலைக் கடை. மீன் குழம்பு அபாரம். வயிறாரச் சாப்பிட்டு, பழக்கத்தில் இலையைத் தன் பக்கமாக மடித்தான்.

சுற்றிலும் பேச்சு நின்றது. அப்போதுதான் பார்த்தான்: மற்ற எல்லாரும் சாவு வீட்டில் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கமாக மடித்திருந்தார்கள்.

பரிமாறிய அம்மாளின் முகம் வாடியது. “உன் பக்கம் மடிச்சிட்டியே தம்பி. திரும்ப வரேன்னுல்ல அர்த்தம். இவங்களும் மொத நாள் அப்படித்தான் மடிச்சாங்க. இப்பத் தினமும் மாத்தி மடிக்கிறாங்க, கடை விடமாட்டேங்குது.”

சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டான்.

மறுநாள் மதியம், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஜொகூர் பாரு அலுவலகத்தில் பசித்தது. குழாயடியில் கை கழுவி நிமிர்ந்தான். எதிரே அதே கடை. இலை போட்டு, அந்த அம்மாள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.