தானாக வருவது

"நான் மட்டும் மீனுக்குப் போவாம இருந்தா, அந்த அம்ப அமுக்கிக் குடுத்திருப்பேன். அவரு சொல்ல வந்தத சொல்லியிருப்பாரு."

விக்டோரியா இதை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கடியப்பட்டணத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண்கள். என்ன அம்பு, எதில் அமுக்குவது என்று அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள். குளிர்பெட்டியின் தலைமாட்டில் மெழுகுவர்த்தியை மாற்றிக்கொண்டிருந்த அவள் மகன் ஜெனினுக்கு விளங்கியது. அவன் தீக்குச்சியை உரசினான். ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தான்.

பெட்டிக்குள் அவன் அப்பா கிளீட்டஸ் படுத்திருந்தார். விரல்களில் செபமாலை. கழுத்தில் இருந்த துளை தெரியக்கூடாதென்று யாரோ சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டிருந்தார்கள். அவர் ஒருநாளும் அந்தப் பொத்தானைப் போட்டதில்லை.

குளச்சல் துறைமுகத்தில் முப்பது வருடம் படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தவர். ஓடுகிற எஞ்சினுக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் அதே சத்தத்தில்தான் பேசுவார். அவர் ஃபோன் பேசினால் பக்கத்து வீட்டு ஷைஜா அடுக்களையில் இருந்துகொண்டே பதில் சொல்வாள். இரண்டு வருடத்துக்கு முன்பு தொண்டையில் புற்று என்றார்கள். திருவனந்தபுரத்தில் குரல்வளையையே எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள்.

அதன்பிறகு அவருக்காகப் பேசியது வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர். அவர் தமிழில் தட்டுவார், அது வாசிக்கும். எந்த ஊர்க்காரன் என்று சொல்ல முடியாத ஓர் ஆண்குரல். வாக்கியத்தில் நிற்கக்கூடாத இடத்தில் நிற்கும். விக்டோரியாவோடு பேச அவருக்கு முகமும் கையும் போதும். ஃபோனில் பேசத்தான் அது வேண்டும். எண்ணை அழைத்துவிட்டுக் கைபேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைப்பார். கைபேசியிலேயே தட்டிப் பார்த்ததும் உண்டு. ஸ்பானர் பிடித்துத் தடித்த விரல் ஒரே நேரத்தில் இரண்டு எழுத்தில் விழுந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தன. ஊரடங்கு சமயத்தில் ஜெனின் பெங்களூரிலிருந்து வந்து ஏழெட்டு மாதம் வீட்டிலேயே வேலை பார்த்தான். அப்போது விண்டோஸோடு கூட லினக்ஸையும் போட்டான். அதிலிருந்து, சுவிட்சைப் போட்டதும் ஒரு கறுப்புத் திரையில் ஐந்து வரிகள் வரும். பத்து விநாடி காத்திருக்கும். யாரும் ஒன்றும் தொடவில்லையென்றால் முதல் வரியில் இருக்கிற லினக்ஸுக்குத் தானாகப் போய்விடும். அது ஜெனினின் பெயரைக் காட்டி, அவன் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். பேசும் குரல் இருந்தது ஐந்தாவது வரியில், விண்டோஸில். கீபோர்டில் கீழ்நோக்கிய அம்பை நாலு தடவை அமுக்கி எண்டர் தட்ட வேண்டும்.

சுவிட்ச் மேசைக்கு அடியில். கிளீட்டஸ் குனிந்து அதைப் போட்டு, மேசையைப் பிடித்து நிமிர்ந்து, கண்ணாடியை மாட்டுவதற்குள் பத்து விநாடி போய்விடும். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அவர் குனிந்து சுவிட்சைப் போடுவார். அவள் அம்பின்மேல் விரலை வைத்து உட்கார்ந்திருப்பாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று வாய்விட்டு எண்ணுவாள்.

"மக்கா, மத்ததுதானே அவருக்கு வேணும். அத முதல்ல வார மாதிரி ஆக்க முடியாதா?" என்று அவள் ஜெனினிடம் ஃபோனில் கேட்டிருக்கிறாள். வரும்போது பார்க்கிறேன் என்றான். கிறிஸ்துமஸுக்கு வந்தான். அந்த ஐந்து நாளும் ஆபீஸ் வேலைக்கு அவனுக்கு லினக்ஸ் தேவைப்பட்டது. அப்படியே விட்டுவிட்டுப் போனான். பிப்ரவரியில் அவள் மறுபடி கேட்டபோது மீட்டிங் தொடங்க இரண்டு நிமிடம் இருந்தது.

"அது மாத்த முடியாதும்மா. அந்த சிஸ்டம் அப்படித்தான்."

அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

நேற்றுக் காலை எட்டு மணி தாண்டி அப்பாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தபோது துளை வழியாக மூச்சு போய்வரும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மேசையில் விரலால் தட்டும் சத்தம். பெங்களூரில் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜெனின் ஒரு காலில் சாக்ஸ் மாட்டியிருந்தான்.

"அப்பா, கம்ப்யூட்டரப் போட்டுட்டுக் கூப்பிடுங்க. நான் வெயிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

திரும்ப அழைப்பு வரவில்லை. ஒன்பதரைக்கு ஷைஜாதான் கூப்பிட்டாள். துறைமுகத்திலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வந்த விக்டோரியா, அவர் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில், சுவரில் சாய்ந்து தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறாள். இதயம் நின்றுவிட்டது என்றார் வந்து பார்த்த டாக்டர்.

விடியற்காலையில் ஜெனின் வந்து இறங்கியதும் அம்மா அழுதுகொண்டே சொன்ன முதல் சேதி, "உனக்க பேருதான் மக்கா கம்ப்யூட்டர்ல வந்து நின்னுச்சு" என்பது.

பத்து மணிக்கு ஜான்ரோஸ் வந்தார். அப்பாவோடு ஒரே பட்டறையில் நின்றவர். பெட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். பிறகு ஜெனினிடம் வந்தார்.

"இவனுக்கு சவுண்டு போன பொறவும் எனக்க தொழில் இவனாலதான் நடந்துச்சு, தெரியுமா? எஞ்சின ஓடவிட்டு ஃபோன அதுக்கிட்ட காட்டுவேன். கேட்டுட்டு, அந்த மிசினு கொரல்ல சொல்லுவான், ரெண்டாம் சிலிண்டரப் பாருலேன்னு. ஒரு தடவகூட தப்புனதில்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சிலநேரம் கூப்பிட்டா எடுக்க மாட்டான். விக்டோரியா கோயிலுக்குப் போயிருக்கா, அம்பு அமுக்க ஆளில்லன்னு பொறவு சொல்லுவான். அதுக்கு ஒரு வழியும் இல்லியா மக்கா?"

"இல்ல மாமா" என்றான் ஜெனின். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

பதினொன்றரைக்குப் பங்குச் சாமியார் வந்து செபம் சொன்னார். கோயிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் ஷைஜா கஞ்சியும் பயறும் எடுத்து வைத்திருந்தாள். விக்டோரியா இரண்டு வாய் குடித்தாள். ஜான்ரோஸும் கடியப்பட்டணத்துக்காரர்களும் கிளம்பிப் போனார்கள்.

மூன்று மணிக்கு மேல் ஜெனின் உள்ளறைக்குப் போனான். நாற்காலி நேற்று இருந்தபடியே சுவரை ஒட்டிக் கிடந்தது. அதை இழுக்காமல், குனிந்து சுவிட்சைப் போட்டான். லினக்ஸ் வந்து அவன் பாஸ்வேர்டைக் கேட்டது. நின்றுகொண்டே தட்டினான். ஒரு கோப்பைத் திறந்தான். அதில் ஒரு வரியில், முதல் வரியைக் குறிக்கும் பூஜ்யத்தை, ஐந்தாவதைக் குறிக்கும் நான்கு என்று மாற்றிச் சேமித்தான். இன்னொரு கட்டளை. ஏழெட்டு வரி ஓடி முடிந்தது. கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கறுப்புத் திரை வந்தது. ஐந்தாவது வரியில் வெளிச்சம் நின்றது. பத்து, ஒன்பது, எட்டு.

"அம்ப அமுக்கு மக்கா, போயிரும்" என்று பின்னாலிருந்து விக்டோரியாவின் குரல் கேட்டது. அவள் வாசலில் நின்றிருந்தாள்.

அவன் அமுக்கவில்லை. எண்ணிக்கை முடிந்து விண்டோஸ் வந்தது. அப்பாவின் பேசும் நிரல் வழக்கம்போல் தானே திறந்துகொண்டது. தட்டுகிற கட்டம் காலியாக இருந்தது. ஒரு சிறு கோடு மட்டும் அதில் விட்டு விட்டு மினுங்கியது.

"நீ ஒண்ணும் தொடலியே."

"இல்லம்மா."

"தானா வருது."

"ஆமா."

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பம் மாத்த முடியும்" என்றாள்.

"முடியும்மா. நான்தான் அன்னைக்குப் பொய் சொன்னேன்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "நீ மீனுக்குப் போனதால இல்ல. அப்படி இனி யாருட்டயும் சொல்லாத. எனக்குத்தான் அவரு கூப்பிட்டாரு. கம்ப்யூட்டரப் போட்டுட்டுக் கூப்பிடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

ஷைஜா அடுக்களையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் இவ்வளவு தூரம் கேட்டது.

"இப்பம் எவ்வளவு நேரம் எடுத்துச்சு?" என்றாள் விக்டோரியா.

"மூணு நிமிசம்."

வெளியே தகரக் கூரையில் சடசடவென்று மழை விழத் தொடங்கியது. அவள் திரும்பி, அடுக்களை வழியாகப் பின்முற்றத்துக்கு நடந்தாள். அவனும் பின்னால் போனான்.

கொடியில் அப்பாவின் சட்டைகள் இரண்டும் ஒரு துண்டும் கிடந்தன. நேற்று, மீனுக்குப் போகுமுன் அவள் துவைத்துப் போட்டவை. மழையில் நின்றபடி ஒவ்வொன்றாக எடுத்தாள். ஜெனின் இரண்டு கையையும் நீட்டினான். அவள் துண்டை மட்டும் அவன் கையில் வைத்தாள். சட்டைகளைத் தன் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.