இருட்டறையில் தெரிந்த இடுமருந்து

முத்துக்கனிக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாமியார் அருணாசலவடிவு நாள் பார்த்துவிட்டாள். காரணம், பொன்னுதுரையின் வயிற்றுவலி. துறைமுகத்தில் உப்பு மூட்டைகளைத் தோணியில் ஏற்றும் ஆட்களுக்கு அவன் மேஸ்திரி. பகலெல்லாம் ஐம்பது பேரை அதட்டுகிறவன், வீட்டுக்கு வந்தால் அம்மா சொன்னதற்கும் ஆமாம், பெண்டாட்டி சொன்னதற்கும் ஆமாம். ராத்திரி சாப்பிட்ட கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருளுவான்.

வயிற்றிலிருந்து மருந்தெடுக்கிற நயினார் வந்து நாடி பார்த்தார். "இது இடுமருந்துதான். வீட்டுக்குள்ளயே வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ளப் பெண்டாட்டி சோற்றில் கலந்து வைக்கிற சமாசாரத்துக்குத்தான் அந்தப் பெயர். அது வயிற்றுக்குள் உருண்டையாக ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். அருணாசலவடிவுக்கு இது முன்பே தெரியுமாம். மருமகள் வந்த மறுநாளே பின்முற்றத்தில் தனக்கென்று தனி அடுப்பு போட்டுக்கொண்டவள் அவள். மருமகள் கைத் தண்ணீரைக்கூடத் தொடுவதில்லை.

"உருண்டை இருக்குன்னு தெரிஞ்சா சாயங்கால பஸ்ஸுல ஓட்டப்பிடாரத்துக்கு, உங்க அம்மா வீட்டுக்குப் போயிரணும். சம்மதமாளா?" என்றாள்.

"சம்மதம் அத்தே. ஆனா நாடி பாத்துச் சொன்னா போதாது. வயித்துக்குள்ள பாத்துச் சொல்லட்டும்" என்றாள் முத்துக்கனி.

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த டாக்டர் வில்பிரட், கடற்கரைச் சாலையில் எக்ஸ்ரே மெஷின் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். வெறும் வயிறென்றாலும் இரண்டு கருப்பட்டிப் பணியாரத்துக்கு அதில் இடமிருக்கும் என்பது முத்துக்கனியின் நினைப்பு. கிளம்புமுன் புருஷன் வாயில் ரகசியமாகத் திணித்துவிட்டாள்.

டாக்டர் ஒரு ஜாடியில் பேரியம் மாவைக் கரைத்து, பெரிய தம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தார். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பொன்னுதுரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். கதவை அடைத்து விளக்கை அணைத்தார்கள். "நானில்லாம என் பிள்ளைய இருட்டுல விடமாட்டேன்" என்று அருணாசலவடிவும் மருமகளை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று கால் மணி நேரம் எல்லோரையும் சும்மா உட்காரவைத்தார் டாக்டர்.

மெஷின் உறுமியது. பொன்னுதுரைக்கு முன்னால் இருந்த பலகையில் பச்சை வெளிச்சம் பரவியது. விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே கன்னங்கரேலென்று ஓர் உருண்டை.

"அந்தா! அந்தாக் கெடக்கு மருந்து!" என்று கத்தினாள் அருணாசலவடிவு.

"ஆச்சி, அது இப்ப அவர் குடிச்ச மாவோட நிழல். மாவு போற வழியைப் பாத்துத்தான் உள்ள என்ன கோளாறுன்னு சொல்ல முடியும்."

"வெள்ளை மாவைக் குடிச்சா கருப்பா எப்படியய்யா தெரியும்? என்னை என்ன கேனச்சின்னு நெனைச்சீரா?"

முத்துக்கனிக்கு அழுகை முட்டியது. அவளே ஆசைப்பட்டுக் கேட்ட மெஷின் அவளையே காட்டிக்கொடுத்துவிட்டதே! அழுதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் ஜாடியில் மிச்சமிருந்த மாவு நினைவுக்கு வந்தது.

"சரி அத்தே, நான் வச்சதாவே இருக்கட்டும். நீங்க எங்கையால ஒரு பருக்கை தின்னதில்ல. வெள்ளிக்கிழமை விரதம் வேற. சுத்தமான வயிறு எப்படி இருக்கும்னு டாக்டரய்யாவுக்கு ஒரு தடவை காட்டுங்களேன்."

மருமகள் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டு எட்டு மாதமாயிற்று. அருணாசலவடிவு தம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு பலகைக்குப் பின்னால் போய் நின்றாள்.

"தெரியுதாலே? தொடச்சு வச்சாப்புல இருக்குமே!"

பொன்னுதுரை பலகைக்கு முன்னால் வந்து பார்த்தான். "யம்மா... எனக்குக் கெடந்ததைவிட உனக்குப் பெரிசாக் கெடக்கு."



"எனக்கு யாருலே வைப்பா? நானே ஆக்கி நானே திங்கேன்..." அருணாசலவடிவு பலகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பிறகு, "மாவுதான் போலிருக்கு" என்றாள் சின்னக் குரலில்.

வந்த சந்தோஷத்தில் முத்துக்கனிக்கு மாமியாரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. இருட்டில் டாக்டரைக் கட்டிக்கொண்டுவிடுவோமோ என்று பயந்து சும்மா நின்றாள்.

டாக்டர் அத்தோடு விடவில்லை. பொன்னுதுரையை மறுபடி நிறுத்திப் பார்த்தார். "ஆச்சி வயித்துல மாவு இறங்கிப் போயிட்டே இருக்கு. உன் வயித்துல அப்படியே நிக்குது. அடியில சோறு கெடக்கு. வயிறு விரிஞ்சு இடுப்பு வரைக்கும் தொங்குது. ராத்திரி எத்தனை தடவை சாப்பிடுதே?"



"எங்கிட்ட ஒரே தடவைதான்" என்றாள் முத்துக்கனி.

"எங்கிட்டயும் ஒரே தடவைதான்" என்றாள் அருணாசலவடிவு.

இருட்டிலும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவா சோறு தொண்டையில எறங்கலைன்னு சொன்னியேலே? அதனாலதான தெனமும் பின்னால கூப்பிட்டுப் போடுதேன்!"

"எங்கிட்ட, அம்மா கைச் சோறே மறந்துபோச்சுன்னு சொன்னீகளே!"

"ரெண்டு பேரும் சங்கடப்படக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தான் பொன்னுதுரை.

"இண்ணைக்குக் காலையில?" என்றார் டாக்டர்.

"பணியாரம்" என்றாள் ஒருத்தி. "பழைய சோறு" என்றாள் இன்னொருத்தி.

டாக்டர் விளக்கைப் போட்டார். இரண்டு வாரத்துக்கு வேளைக்கு ஒரு கும்பா கஞ்சி, அதுவும் ஒரே இடத்தில் என்று சொல்லி அனுப்பினார். மூவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் வேலை வெட்டியை விட்டுவிட்டு வாசலிலேயே காத்திருந்தாள். "என்ன மைனி, மருந்து இருந்துச்சா? யாரு வச்சதுன்னு தெரிஞ்சுதா?"

முத்துக்கனி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். இருட்டறைக்குள் ஒத்துக்கொண்டதைத் தெருவில் வைத்து அத்தை ஒத்துக்கொள்ளவேண்டுமே!

அருணாசலவடிவு வாசற்படியில் ஏறி நின்று திரும்பினாள். "தெரிஞ்சுது. பாதி இவா வச்சா. பாதி நான் வச்சேன்" என்றாள். பிறகு மருமகளைப் பார்த்து, "என்னளா பாத்துக்கிட்டு நிக்க? போய் உலைய வையி. எனக்கும் சேத்து" என்றாள்.