அந்தோனிப்பிள்ளையைக் கண்டு விலகிய கடல்

2010 நவம்பரில், மகளிடம் சிட்னிக்கு வந்திருந்த அந்தோனிப்பிள்ளை பொண்டாய்க் கடற்கரையில் கால் வைத்தபோது கடல் முப்பது யார் தூரம் பின்வாங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் வெறும் ஈரமணலில் நின்றார்கள். உயிர்காப்பாளர் விசில் ஊதி, குளிக்கும் எல்லையைக் காட்டும் கொடிகளைப் பிடுங்கி, முப்பது யார் தள்ளி நட்டார். அந்தோனிப்பிள்ளை திரும்பிப்போய் பஸ்ஸில் ஏறியதும் தண்ணீர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மான்லியிலும் அதேதான். அதற்குப் பிறகு மகள் வசந்தினி அவரைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போவதை விட்டுவிட்டு பரமட்டா ஆற்றங்கரையில் நடக்கவைத்தாள். ஆற்றுக்கு அவரோடு எந்தப் பிரச்சினையும் இருக்கவில்லை.

காரணம் அவருக்குத் தெரியும். முல்லைத்தீவுக் கடலில் முப்பத்தாறு வருடம் தொழில் செய்தவர். 2009 மார்ச்சில், கடைசிப் போரின்போது, மாத்தளனில் இருந்து அவருடைய வள்ளத்தில் வெளிக்கிட்ட பதினொரு பேரில் ஐந்து பேர் கரைசேரவில்லை. அவர் மனைவி இரஞ்சிதம் அந்த ஐவரில் ஒருத்தி. உடல் கிடைக்கவில்லை. மூன்று நாள் கரையில் தேடிவிட்டு அவர் கடலைப் பார்த்து, "உனக்கு நான் என்ன குறை வைச்சனான்? இனி என்ரை முகத்திலை முழிக்காதை" என்றார். கடல் சொல்லுக் கேட்டது. அன்றைக்கே விலகத் தொடங்கியது.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த வசந்தினி ஆறு வருடமாக ஒழுங்கான லீவு எடுத்ததில்லை. 2012 ஜனவரியில், சிட்னியில் இருந்து தெற்கே போகும் ஒரு உல்லாசக் கப்பலில் இரண்டு பேருக்கு இடம் எடுத்தாள். தகப்பன் மறுத்தார். "அப்பா, யன்னல் இல்லாத அறைதான் எடுத்திருக்கிறன். கடல் உங்கடை கண்ணிலையே படாது" என்றாள். அவளை அவ்வளவு களைத்துப்போய் அவர் பார்த்ததில்லை என்பதால் ஓமென்றார்.

கப்பலுக்கு அடியில் இருந்த கடலால் எங்கும் போகமுடியவில்லை. ஆனாலும் அவருடைய அறை இருந்த இடப்பக்கத்தில் அது ஒரு முழம் தாழ்ந்தே நின்றதால் கப்பல் ஐந்து நாளும் இலேசாகச் சாய்ந்தபடி ஓடியது. பரிமாறுகிறவர்கள் சூப்பை அரைக்கோப்பையாக ஊற்றினார்கள். எவரும் முறையிடவில்லை. பின்னேரங்களில் வசந்தினி தகப்பனிடம் தேநீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மேல்தளத்துக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நிற்பாள். திரும்பி வரும்போது அவள் தலைமயிரில் உப்பு மணக்கும்.

ஆறாம் நாள் காலை கப்பல் கெல்ப் ஹார்பருக்கு வெளியே நங்கூரமிட்டது. தாஸ்மேனியாவின் தென்கோடியில், இருநூற்றுப் பதினான்கு பேர் இருக்கும் மீன்பிடி ஊர். அதற்கும் தெற்கே பனிக்கண்டம் வரைக்கும் தண்ணீர்தான். ஜனவரிக் கோடையிலும் அங்கே மூச்சு புகையாக வரும். சின்னப் படகுகளில் அறுநூறு பேரை இறக்கினார்கள். கடைசிப் படகில் அந்தோனிப்பிள்ளை வந்தார். அவர் இறங்குதுறையில் ஏறியதும் கடல் திகைத்துவிட்டது. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒடுங்கிய குடாவில் ஒதுங்கி நிற்க அதற்கு இடமில்லை. ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குள் முழுத் துறைமுகமும் வற்றி, படகுகள் எல்லாம் சேற்றில் சரிந்தன.

ஊர்ச்சனம் காலில் ரப்பர்ச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாளிகளோடு இறங்கியது. பின்னேரத்துக்குள் ஏழு நங்கூரமும், ஒரு சைக்கிளும், யாருடையவோ பொய்ப்பல்லும், தபாற்கந்தோர்ப் பூட்டுகளின் பழைய திறப்புக் கோர்வையும் கிடைத்தன. கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். வந்த பயணிகளும் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தேடினார்கள். அந்தோனிப்பிள்ளை மட்டும் துறைமுகத்துக்கு முதுகைக் காட்டியபடி மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றரை மணிக்குக் கப்பலில் இருந்து வானொலியில் கூப்பிட்டார்கள். ஐந்துக்குப் புறப்பட வேண்டும், படகுகளோ சேற்றில். அந்த நேரத்தில் ஹெலன் என்ற பெண் அவரிடம் வந்தாள். அறுபது வயது, சிங்கி இறால் பிடிப்பவள். அவள் கையில் துருப்பிடித்த தேநீர்க் கேத்தில் ஒன்று இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன் கடலில் காணாமற்போன கணவனின் படகைக் குடாவின் வாயிலில் கண்டுபிடித்திருந்தாள். அதற்குள் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அவர் இறங்கியதும் தண்ணீர் வற்றியதைக் கண்டிருந்தவள், கடலைப் போகச் சொன்னது இவரா என்று பக்கத்தில் நின்ற வசந்தினியிடம் கேட்டாள். வசந்தினி ஓமென்று தலையாட்டி, தாயைப்பற்றி நாலு வசனத்தில் சொன்னாள்.

ஹெலன் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேத்திலில் இருந்த மணலைத் தட்டிக் கொட்டியபடி மெதுவாகப் பேசினாள். வசந்தினி மொழிபெயர்த்தாள்.

"அப்பா, படகைக் காட்டினதுக்கு நன்றியாம். ஆனால் தண்ணியைத் திரும்பக் கூப்பிடட்டாம்." அவள் குரல் தடுமாறியது. "அவவின்ரை மனுசன் இந்தக் கடலுக்குள்ளைதான் இருக்கிறாராம். கடலைக் கலைச்சால் அவரும் அதோடைதானே போகவேணும். வேறை எங்கை போய்ப் பாக்கிறது எண்டு கேக்கிறா."

ஹெலன் எப்போதோ பேசி முடித்திருந்தாள். வசந்தினி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீங்கள் ஒவ்வொருக்காக் கலைக்கேக்கையும் அதுக்குள்ளை இருக்கிற ஆள் தூரத்திலையே நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறதே? எனக்கெண்டாலும் பக்கத்திலை வரவிடக்கூடாதே அப்பா?"

அது ஹெலனின் கேள்வியா மகளின் கேள்வியா என்று அந்தோனிப்பிள்ளை பிரித்துப் பார்க்கவில்லை. பொண்டாயிலும் மான்லியிலும் முப்பது யார் தள்ளிப் போனது கடல் மட்டுமில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூன்று வருடமாக இரஞ்சிதத்தைக் கிட்ட வராதே என்று கலைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எழும்பினார். மகள் பிடிக்க வந்தபோது வேண்டாமென்று, கல்லுப்படியில் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பிறகு வெறும் சேற்றைப் பார்த்து, வீட்டுவாசலில் தயங்கி நிற்கும் ஆளைக் கூப்பிடுகிற குரலில், "வா. கோவமில்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரியான குளிர். பாத்து வா" என்றார்.

தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. வாளியோடு நின்றவர்கள் கரையேறும் மட்டும் பொறுத்து, சரிந்த படகுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டு, கடைசியாக அவருடைய பாதத்தைத் தொட்டது. பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. அவர் காலை எடுக்கவில்லை. வசந்தினியும் சப்பாத்தோடேயே இறங்கி அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். முழங்கால் வரை நனைந்து இரண்டு பேரும் அழுது முடிக்கக் கப்பல் நாற்பது நிமிடம் காத்திருந்தது. அன்று கெல்ப் ஹார்பரில் வழமைக்கு மாறான கடல்வற்று ஏற்பட்டதாகக் கப்பல் குறிப்பேட்டில் எழுதினார்கள். திரும்பும் வழியில் கப்பல் சாயவில்லை. சூப் நிறையக் கிடைத்தது.

அந்த வருடம் முழுக்கவும் அடுத்த வருடமும் அந்தோனிப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வெஸ்ட்மீட்டில் ரயிலேறி, சென்ரல் ஸ்டேஷனில் மாறி, கிறொனல்லாக் கடற்கரைக்குப் போனார். வேலையில்லாத கிழமைகளில் வசந்தினியும் போவாள். அவர் மணலில் துவாயை விரித்து இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கடல் நாற்பது யார் கூடுதலாக ஏறிவந்து, அவர் காலடியில் நின்று, அவர் எழும்பும் வரைக்கும் போகாது. வழமையாக வருகிற குடும்பங்களுக்கு அது பழகிவிட்டது. அவர் படியிறங்கி வருவதைக் கண்டதும் துவாய்களையும் குடைகளையும் கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டுக்கொண்டு, மீண்டும் படுத்துக்கொள்வார்கள்.