டவராவுக்கு வந்து சேராத ஒயின்

2006 நவம்பர் நான்காம் தேதி, சனிக்கிழமை, அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் சேனாபதி வீட்டுச் சமையலறையில் டம்ளரிலிருந்து ஊற்றிய ஒயின் டவராவுக்கு வந்து சேரவில்லை. நடுவழியில், ஒரு முழ நீளத்துக்கு, சிவப்பாக நின்றுவிட்டது. அன்று பெட்ரோல் காலன் இரண்டு டாலர் இருபது சென்ட். ரயில்கள் நேரத்துக்கு ஓடின.

ஒயினைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு ரமோன். ஸ்பெயினில் ரியோஹா பக்கம் அவருடைய தாத்தா காலத்து ஒயின் கிடங்கு ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் போன ஓக் மரத்தில் பீப்பாய் செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, சிலந்தி வலையைக்கூடக் கலைக்காமல் வருடக்கணக்கில் வைத்திருப்பார்களாம். மூன்று குளிர்காலம் ரமோன் வீட்டு வாசல் பனியைச் சேனாபதி வாரிப்போட்டதற்காக, செப்டம்பர் கடைசியில் 1968-ஆம் வருடத்துப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அது சேனாபதியின் மனைவி வசந்தாமணி பிறந்த வருடம். முப்பத்தெட்டு வருடம் பொறுத்த ஒயின், புரட்டாசி முடியட்டும் என்று இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டது.

வசந்தாமணிக்கு நாக்கு செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. 2003 டிசம்பரில் வந்த ஃப்ளூ, போகும்போது ருசியையும் வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. இனி திரும்பாது என்றார் டாக்டர். பால் தீய்ந்தாலும் தெரியாது, பசி தெரியாது, மணி பார்த்துச் சாப்பிடுகிற பிழைப்பு. பாவம், வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் ரயிலுக்கு ஓடும் முன் சேனாபதி அடுப்பருகில் கையை நீட்டுவான். உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு விழும். நக்கிப் பார்த்து, "சரியா இருக்கு" என்பான். மூன்று வருடமும் அதே பதில். மகள் தாமரைச்செல்வி மட்டும் பீட்சாவுக்கு மாறியிருந்தாள். பன்னிரண்டு வயது, இந்த ஊர்ப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று வசந்தாமணி நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை ரமோன் வந்து கார்க்கைத் திறந்தார். இத்தனை வருடம் அடைபட்டுக் கிடந்தது, கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று சொல்லிவிட்டு, நல்ல கிளாஸ் எடுத்துவர வீட்டுக்குப் போனார். காற்றுப் படவைக்கக் கோபிசெட்டிபாளையத்துக்காரி வசந்தாமணிக்குத் தெரிந்தது ஒரே வழி. டவரா டம்ளரை எடுத்து, காபி ஆற்றுவதுபோல் கையைத் தூக்கி ஆற்றினாள். இரண்டு முறை ஒழுங்காக வந்தது. மூன்றாவது முறை நின்றது.

"ஏனுங்க, இங்க வாங்க. ஊத்துறேன், கீழயே வரமாட்டேங்குது."

"அம்மா, டோன்ட் டச் இட்," என்றாள் மகள்.

கிளாஸோடு திரும்பி வந்து, பழைய ஒயினை இப்படியா வதைப்பது என்று கத்த வாயெடுத்த ரமோன், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒயினின் நடுவில் மாதுளை நிறம், ஓரத்தில் செங்கல் நிறம். மூச்சுவிடவே பயமாக இருந்தது, அத்தனை அழகு. வசந்தாமணி குனிந்து அதில் வாயை வைத்தாள்.

"புளிக்குதுங்க," என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். காய்ந்த நாவல்பழம். ஈர மண். புகையிலை. கடைசியில், எங்கிருந்தோ, தேங்காய். தாமரைச்செல்வி அதை இங்கிலீஷில் சொல்ல, அந்தத் தேங்காய் ருசி பீப்பாயின் அமெரிக்க மரம் கொடுப்பது, சரியாகப் பிடித்துவிட்டாள் என்று ரமோன் அழுதேவிட்டார்.

வசந்தாமணி நேராக அடுப்புக்குப் போய், அன்றைய சாம்பாரை ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இதுல உப்பே இல்லீங்களே."

சேனாபதி தலையைக் குனிந்துகொண்டான்.

"மூணு வருஷமாவா?"

"சில நாள் இருக்கும். சில நாள் கடலே இருக்கும்," என்றான். "சொன்னா நீ சமைக்கறதையே விட்டுருவியோன்னு பயமா இருந்துச்சு."

அவள் அடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு உப்பு போட்டாள்.

ஒயின் அப்படியே நின்றது. வசந்தாமணி தினமும் சமைக்கும் முன் அதில் ஒரு வாய் வைத்தாள், அது ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. 2008-ல் சமையலறையைப் புதுப்பித்த கான்ட்ராக்டர் அதைத் தள்ளியே கேபினட் போட்டார். காலையில் சேனாபதி இன்னும் கையை நீட்டுகிறான். அவளும் பழக்கம் விடாமல் ஒரு சொட்டு விடுகிறாள். அவன் நக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்கிறான். அவளும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவனை ரயிலுக்கு அனுப்புகிறாள்.