வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஓட்டு

1

இந்தக் கதை சமூகக் கோபத்தில் பிறந்தது என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். தூக்கம் வராததால் பிறந்தது. ராத்திரி ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டேன். உடம்புக்கு இன்னும் தகவல் போகவில்லை. காலையில் பைக்கில் பாகூர் வரை போய் வயல்வெளியில் நடப்பேன். சாயங்காலம் டிவியில் தேர்தல் விவாதம் பார்ப்பேன். இரண்டிலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோம். நடையில் காற்றாவது வரும்.

முதல் தொடக்கம்: "பாகூர் ஏரிக்கரையில் பனி மெல்லிய திரையாக..."

(அடித்துவிட்டேன். அது சித்திரை மாதம். முதுகெல்லாம் வியர்வை.)

2

கமலக்கண்ணன் அண்ணன் எங்கள் தெருக்காரர். புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் தண்ணீர் மோட்டார் கடை. டவுன்காரருக்குக் கட்சி கிராமத்துத் தொகுதியில் சீட்டு கொடுத்தது. உள்ளூர் சேனல் விவாதத்துக்கும் கூப்பிட்டது. திரையில் எட்டுப் பெட்டி, எட்டிலும் ஒரு வாய். நெறியாளர் "சுருக்கமாக" என்றதும் ஏழு சேர்ந்து திறக்கும். அண்ணனுடையது மட்டும் மூடியிருக்கும். அடுத்தவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பார். யாரும் முடிப்பதில்லை.

அதனால் பயிற்சிக்காக என்னோடு நடக்க வந்தார். அவர் பேசுவார், நான் குறுக்கே விழுவேன். எனக்கு அனுபவம் உண்டு: முன்பு போனில் கத்துகிறவர்களிடம் "உங்க சிரமம் புரியுதுங்க" என்று சொல்வதுதான் என் வேலை.

(இவர் நல்லவரா? மூன்று வரைவிலும் நல்லவராக்கப் பார்த்தேன். கட்சி பேட்ஜைக் கழற்ற மறுக்கிறார்.)

3

சவுக்குத் தோப்பைத் தாண்டினால் வாய்க்கால். குறுக்கே ஒரு பனங்கட்டை, பாதி உளுத்தது. அதன்மேல் பால் கேனோடு ஒரு பெண் வந்தார். அமுதவல்லி. தினமும் அக்கரையிலிருந்து இக்கரை டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறவர்.

"யாருகூட சார் சண்ட?"

"சண்டை இல்லம்மா, விவாதம்."

"கேக்க ஆளே இல்லியே."

"டிவியிலயும் அப்படித்தாங்க" என்றேன்.

அண்ணன் என்னை முறைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "உனக்கு இன்னாம்மா வேணும்?"

"இந்தக் கட்டைய எடுத்துட்டு ஒரு பாலம் போடுங்க. போன மழையில கேனோட உள்ள வுழுந்துட்டேன். பாலு போனாப் போவுது, முட்டி இன்னும் மடங்கல."

"போடறேன். ஓட்டு எனக்குத்தான?"

"மொதல்ல பாலத்தப் போடுங்க சார்."

4

அன்று சாயங்காலம் அண்ணன் முதல்முறையாகக் குறுக்கே விழுந்தார். "என் தொகுதி வாக்காளர் அமுதவல்லிக்குப் பாலம் எங்கே? பதில் சொல்லுங்கள்!" ஏழு பெட்டிகளும் வாயடைத்தன. நான் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

மறுநாள் சேனல் கேமராவை வாய்க்காலுக்கே அனுப்பி அமுதவல்லியிடம் நேரலையில் கேட்டது: "உங்க ஓட்டு கமலக்கண்ணனுக்கா?"

"அவருக்கு எப்படிங்க போடறது? இந்த வாய்க்கா வரைக்குந்தான் பாண்டிச்சேரி. என் வூடு தமிழ்நாடு. நான் கடலூர் பக்கத்து ஓட்டு."

(வெளியூர் வாசகருக்கு: எங்கள் புதுச்சேரி ஒரே துண்டாக இருக்காது. ஒரு வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு, இன்னொன்றைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. நடக்கிறவனுக்குச் செருப்பு நனைவது மட்டும்தான் தெரியும்.)

ஏழு பெட்டிகளும் சிரித்தன. நெறியாளர் இடைவேளை விட்டார், சிரித்து முடிக்க.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?" என்று அண்ணன் போனில் கேட்டார்.

"தெரியாதுண்ணே."

(அல்லது: "தெரியும்ணே." கதைக்கு எது நல்லது என்று இன்னும் முடிவாகவில்லை.)

5

முடிவு, முதல் வகை: அண்ணன் ஜெயிக்கிறார், பாலம் கட்டுகிறார், தன் எல்லை வரை மட்டும். வாய்க்கால் நடுவில் பாலம் நின்றுவிடுகிறது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டி, நாலு அடி நடந்து, எல்லோரும் திரும்பி...

இரண்டாம் வகை: தோற்கிறார், மனம் திருந்துகி... (மோட்டார் கடைக்காரர் எதற்குத் திருந்த வேண்டும்?)

நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த நாள் நான் மட்டும் போனேன்.

"சார் வர்லியா?"

"வர மாட்டார். எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். பாலம் இன்னா ஆச்சு? எங்க பக்கம் ஓட்டு கேக்க வந்த ஆளு, அந்தக் கரை பாண்டிச்சேரி, நாங்க தொட முடியாதுன்னுட்டாரு. நீங்க இந்தக் கரை தமிழ்நாடுன்றீங்க. நான் நடுவுல நிக்கறேன்."

பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது: "உங்க சிரமம் புரியுதுங்க."

அமுதவல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புரிஞ்சா வந்து கேனப் புடி."

போனேன். இந்த வரியை எழுதும்போது கட்டையின் நடுவில் நிற்கிறேன், கையில் கேன். எனக்கு முன்னால் ஓர் அரசாங்கம், பின்னால் ஓர் அரசாங்கம். காலடியில் கட்டை முனகுகிறது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறார். இரண்டு பேரை இது தாங்குமா என்று தெரியவில்லை.

நீங்கள் எந்தக் கரையில் நின்று படிக்கிறீர்கள் என்றும் தெரியவில்லை. எதுவானாலும் சரி, கையை நீட்டி முதலில் கேனை வாங்குங்கள். கருத்து இருந்தால் அப்புறம் சொல்லலாம்.