ரிப்பனுக்கு உள்ளே பதினேழு பேர்

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் ஓர் ஊசியைக் கீழே போட்டால் அது தரையைத் தொட மறுநாள் ஆகும். அவ்வளவு ஜனம். ரயிலடியில் இறங்கியவர்கள் நடக்கவே வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், கூட்டமே அவர்களை மலையடிவாரத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் இன்னும் மோசம். அந்த வருஷம் வந்த காவடிகளின் பூவை மட்டும் அவிழ்த்துக் கோத்திருந்தால், சென்னையிலிருந்து திருப்பதி வரைக்கும் தோரணம் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கல்யாண வீடுகளுக்கும் கொடுத்திருக்கலாம்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில், மலைக்கு வண்டிப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு கொட்டகை. சுற்றிலும் சவுக்குக் கட்டை நட்டு, இடுப்பு உயரத்துக்கும் நெஞ்சு உயரத்துக்கும் குறுக்குக் கட்டை கட்டி, மேலே கீற்று வேய்ந்திருந்தார்கள். முகப்பில் ஒரு துணி: ‘ஊனமுற்ற பக்தர்களுக்கான சிறப்பு வசதி. மலைச்சாரல் நற்பணி மன்றம்.’ அந்த வசதிக்குள்தான் பரந்தாமன் காலை எட்டு மணியிலிருந்து மாட்டிக்கொண்டிருந்தார்.

பரந்தாமனுக்கு ஐம்பது வயது. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிக்காரர்களுக்குத் தார்க்கட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பவர். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போனது. போகிற அவசரத்தில் கைகளை மட்டும் விட்டுவிட்டது. அந்தக் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் நூல் சுற்றிய கைகள். அவர் ஒருமுறை கதவைச் சாத்தியதில் பக்கத்து வீட்டுக் கதவும் சேர்ந்து சாத்திக்கொண்டது என்பார்கள்.

வருஷாவருஷம் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுக்கிறேன் என்று அவர் வேண்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எடுத்தது என்னவோ எல்லப்பன். எல்லப்பன் அவர் மனைவி சந்திராவின் தம்பி. பரந்தாமன் கீழே அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பார். எல்லப்பன் அவருடைய காவடியைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போய்ச் செலுத்திவிட்டு விபூதியோடு வருவான். “முருகன் உன்ன கேட்டாரு பாவா. நல்லா இருக்காருன்னு சொல்ட்டேன்” என்பான். இருபத்திரண்டு வருஷமாக அதே வசனம். பரந்தாமனும் சிரித்து வைப்பார். ராத்திரி சந்திராவிடம் மட்டும், “தோள் என்னுதா இருக்கணும்னுதான் வேண்டிகினேன்” என்பார்.

இந்த வருஷம் மன்றத்து நோட்டீஸ் ஊருக்கு வந்தது. ஊனமுற்றவர்களின் மூன்று சக்கர வண்டிகளுக்கு மட்டும் வண்டிப்பாதையில் போலீஸ் அனுமதி. வண்டிக்கு ஒரு ஆள் தள்ளிவிடுவார். எல்லோரும் ஊர்வலமாக மலையேறலாம். பரந்தாமன் ஒரு மாதம் பழகினார். இடது தோளில் காவடிக்குப் பதிலாக ஒரு நூல் மூட்டை, வலது கையில் வண்டியை ஓட்டச் சுழற்றுகிற பிடி. இப்படித் தெருத்தெருவாக அவர் போய் வந்ததில், பேட்டை எருமைகளெல்லாம் சாலை விதியே கற்றுக்கொண்டன.

மன்றத்தின் செயலாளர் இரும்புக் கடை ஜம்புலிங்கம் தங்கமான மனுஷன். அதில் ஒரு சந்தேகமும் வேண்டாம். அனுமதிக்கு அலைந்தவர் அவர், லாரி வைத்து எல்லோரையும் அழைத்து வந்தவர் அவர், நெஞ்சில் பேட்ஜ் குத்தியவர் அவர். நிகழ்ச்சி நிரலை அச்சடித்தவரும் அவரே. பத்து மணிக்குச் சென்னையிலிருந்து சிறப்பு விருந்தினர் வந்து ரிப்பன் வெட்டி வசதியைத் திறந்து வைப்பார். பத்தே காலுக்குக் கொடியசைப்பு. பத்து இருபதுக்கு ஊர்வலம் புறப்பாடு.

திறப்பு விழாவில் கொட்டகை காலியாக இருந்தால் போட்டோ நன்றாகவா இருக்கும்? அதனால் பதினேழு பேரையும் முன்கூட்டியே உள்ளே கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டு, அப்புறம் வாசலில் ரிப்பனைக் கட்டினார் ஜம்புலிங்கம். நல்ல சாட்டின் ரிப்பன், ரத்தச் சிவப்பு, நடுவில் பூசணிக்காய் அளவுக்குப் பூ முடிச்சு. உள்ளே வரவும் வெளியே போகவும் அது ஒன்றுதான் வழி.

பத்து மணிக்கு விருந்தினர் திருவள்ளூரைத் தாண்டிவிட்டார் என்று செய்தி வந்தது. பதினொரு மணிக்குக் கனகம்மாசத்திரம். ஜம்புலிங்கம் நாற்காலிமேல் ஏறி நின்று செல்போனில் கத்தினார். கீழே நின்றால் சிக்னல் இல்லை. பன்னிரண்டு மணிக்கும் கனகம்மாசத்திரம். எதிரே காவடி, பின்னாலே காவடி, பக்கத்தில் பால்குடம். கார் ஒரு அடி நகர்ந்தால் இரண்டு அடி கூட்டம் பின்னுக்குத் தள்ளுகிறதாம்.

இதற்குள் மோர் வந்தது. அடுத்து விசிறி, காகிதத் தொப்பி, மறுபடி மோர். மன்றத்துத் தொண்டர்கள் குனிந்து குனிந்து அன்பு காட்டினார்கள். ஒரு மணிக்குள் ஏழு சுற்று மோர். அதை அப்படியே நந்தி ஆற்றில் ஊற்றியிருந்தால் ஆந்திராவும் தமிழ்நாடும் தண்ணீர்ப் பேச்சையே விட்டிருக்கும். அத்தனை மோர் உள்ளே போக வழி செய்தவர்கள், அது வெளியே போக ஒரு மறைப்புக்கூடக் கட்டவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொருவரும் ஏதோ தத்துவம் யோசிப்பவர்போல உதட்டைக் கடித்துக்கொண்டு கீற்றையே பார்த்தார்கள்.

“சார், அந்த ரிப்பனைக் கொஞ்சம் அவுத்துட்டு மறுபடியும் கட்டிக்கலாமே?” என்று பரந்தாமன் கேட்டார்.

ஜம்புலிங்கம் காதில் விழக்கூடாத வார்த்தை விழுந்தவர்போல ஆனார். “அண்ணே, திறக்கறதுக்கு முன்னாடி திறந்தா அபசகுனம் இல்லியா? அவர் மனசு இன்னா பாடுபடும்? பத்து நிமிஷம். வந்துகினே இருக்காரு.”

“கிருத்திகை நாலு பத்துக்கு முடியுது சார். அதுக்குள்ள காவடி செலுத்தணும்.”

“ஆங், ஆங். எல்லாம் கணக்குல இருக்குது. நீங்க மோர் சாப்பிடுங்க.”

பரந்தாமனின் தோளில் காவடி ஆறு மணி நேரமாக இருந்தது. கீழே வைக்கக் கூடாது என்று அவருக்கு அவரே போட்டுக்கொண்ட சட்டம். கொட்டகைக்கு வெளியே, இருபதடி தூரத்தில், காவடிகள் கடல்போலப் போய்க்கொண்டிருந்தன. அரோகரா சத்தத்தில் கீற்று அதிர்ந்தது. அவருக்கு முன்னால் சவுக்குக் கட்டை, பின்னால் சவுக்குக் கட்டை, ஒரு பக்கம் இன்னொருத்தர் வண்டிச் சக்கரம், மறுபக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஊர் பஸ்ஸில்கூட இத்தனை நெருக்கமாக அவர் உட்கார்ந்ததில்லை. அடிவாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு வருஷமும் இதைவிடத் தேவலை என்று தோன்றியது. அப்போது குறைந்தபட்சம் திரும்பவாவது முடிந்தது.

துணைக்கு வந்தவர்களை உள்ளே விடவில்லை. எல்லப்பன் கட்டைக்கு அந்தப் பக்கம் நின்று தலையை உள்ளே நீட்டினான்.

“பாவா, மணி ரெண்டரை. இன்னா பண்ணப்போறே?”

“வந்துகினு இருக்காராம்டா.”

“எங்க?”

“கனகம்மாசத்திரத்துல.”

“காலைலயும் அங்கதானே இருந்தாரு. அங்கயே ஊடு கட்டிக் குடி வந்துட்டாரா?” எல்லப்பன் கையை நீட்டினான். “இந்தா, காவடிய இப்டி குடு. படி வழியா ஓடிப் போயி அரை மணில செலுத்திட்டு வந்துர்றேன். எனக்கு ஒவ்வொரு படியும் சொந்தக்காரன் மாதிரி.”

பரந்தாமன் காவடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“பாவா, கோச்சிக்காதே. நாலு பத்து தாண்டிட்டா வேண்டுதலே வீணாப்பூடும். நான் தூக்கினா அதுவாவது நிக்கும்ல?”

அது நியாயம்தான். அதுதான் பரந்தாமனுக்கு வலித்தது. காவடியைத் தோளிலிருந்து எடுத்தார். கட்டைகளுக்கு மேலே நீட்டினார். எல்லப்பனின் விரல்கள் மூங்கிலைத் தொட்டன. பழகிய கை, சரியான இடத்தில் பிடித்தது. இன்னும் ஒரு கணம், கதை இருபத்து மூன்றாம் தரமும் அதே கதைதான்.

பரந்தாமன் விடவில்லை. எல்லப்பனும் இழுக்கவில்லை. இரண்டு பேரும் காவடியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, புடவை மடிக்கிறவர்கள்போல இருந்தார்கள். அப்புறம் பரந்தாமன் அதைத் திரும்பத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

“வீணானா ஆவட்டும்டா” என்றார்.

பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் திருவாலங்காட்டு மணியம்மை உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது இருக்கும். பிறவியிலேயே கண் தெரியாது. காலையிலிருந்து பேசாமல் இருந்தவள் மெதுவாகச் சாய்ந்து, “நைனா, அந்த ரிப்பன் எங்க கட்டிக்கீறாங்க?” என்றாள்.

“வாசல்லம்மா. உனக்கு நேரா பதினஞ்சு அடி.”

“எவ்ளோ ஒசரம்?”

“இடுப்பு ஒசரம்.”

“கெட்டித் துணியா?”

“வழவழன்னு இருக்குது. முடிச்சு லேசுதான்.”

“நடுவுல யாராவது குந்திகினு கீறாங்களா?”

பரந்தாமனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆறு மணி நேரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. “ஒருத்தரும் இல்ல. எழுந்து நின்னு, வலப்பக்கம் அரை அடி தள்ளிக்கோம்மா. ஆங். இப்போ நேரா.”

“எனக்கு மோர் முட்டிகினு கீது நைனா. நேரா போறதத் தவிர வேற வழி இல்ல.”

மணியம்மை எழுந்தாள். கைக்கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவள்போல வீசி நடந்தாள்.

“யம்மா! யம்மா! நில்லுங்க!” நாற்காலிமேல் இருந்த ஜம்புலிங்கம் செல்போனோடு அலறினார்.

“நிக்காதே!” என்றார் பரந்தாமன்.

ரிப்பன் மணியம்மையின் இடுப்பில் பட்டு, விறைத்து, பூசணிக்காய் முடிச்சு பொத்தென்று அவிழ்ந்தது. இடுப்பைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் ஒட்டியாணமாக இழுபட, அவள் வெளியே வந்து நின்றாள். சினிமாவில் வெடி வெடித்தால் வருமே ஒரு நிசப்தம், அது வந்தது. அரோகராகூட ஒரு வினாடி நின்றது என்று பிற்பாடு எல்லப்பன் சத்தியம் செய்தான்.

“ரிப்பன் கட்டியிருக்குதே, பாக்கலியா?” என்றார் ஜம்புலிங்கம். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கப்பா?” என்று மணியம்மை சாவகாசமாகத் தடவிப் பார்த்தாள். “இதுவா? கட்டும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சரி, மறைவா எடம் எங்க கீது, அத்த காட்டு மொதல்ல.”

அதற்குள், மணியம்மையின் காலி நாற்காலியை ஒதுக்கிவிட்டு, பரந்தாமனின் வண்டி வாசலைத் தாண்டியிருந்தது. பின்னாலேயே மற்ற வண்டிகள், கைக்கோல்கள், ஊன்றுகோல்கள். யாரும் திறக்கவில்லை, யாரும் கொடியசைக்கவில்லை. ஊர்வலம் தானாகப் புறப்பட்டது. வண்டிப்பாதையில் தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் பேட்ஜைப் பார்த்தார். “மன்றத்து ஆளுங்களா? காலைலர்ந்து உங்களுக்காகத்தான்யா நின்னுகினு கீறேன். எங்க போயிட்டீங்க?” என்று தடுப்பைத் தூக்கினார்.

தள்ளிவிட வேண்டிய தொண்டர்களெல்லாம் ரிப்பனை மீட்கப் போய்விட்டார்கள். எல்லப்பன்தான் தள்ளினான். முதல் வளைவிலேயே அவனுக்கு வாயில் நுரை.

“இத்தினி வருஷம் காவடி மட்டும்தான் தூக்கினேன் பாவா. இப்ப காவடி, காவடி எடுக்கறவரு, வண்டி, மூணும் என் தலைல.”

“பேசாம தள்ளுடா. தோள் என்னுது.”

பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. வலது கை பிடியைச் சுழற்ற, இடது கை காவடியை அணைக்க, வியர்வை கண்ணில் இறங்க, அவர் வழிநெடுக ஒன்றையும் பார்க்கவில்லை. மேலே வண்டி நிற்கிற இடத்துக்கு வந்தபோது மணி மூன்று ஐம்பது.

அங்கே படி. வண்டிப்பாதை முடிந்து கோயிலுக்குள், காவடி செலுத்துகிற இடத்துக்குப் போக, கருங்கல் படி. மன்றத்தின் யோசனை கீழே கொட்டகையோடு நின்றுவிட்டிருந்தது. இதை யாரும் யோசிக்கவில்லை, பரந்தாமன் உள்பட. படி முழுக்கக் காவடிக்காரர்கள், தோளோடு தோள், நகராமல்.

எல்லப்பன் மூச்சு வாங்கிக்கொண்டே கையை வீசினான். நாலு வாட்டசாட்டமான ஆந்திரக்காரர்கள் உடனே வேட்டியை மடித்துக் கட்டினார்கள். “பாவகாரு, தூக்கிடலாம், ஒரே தூக்கு” என்று வண்டியின் நாலு பக்கமும் பிடித்தார்கள்.

பரந்தாமன் படியைப் பார்த்தார். கடிகாரம் கட்டியிருந்த ஒருவர் கையைப் பார்த்தார்.

“என்னத் தூக்க வேணாம்” என்றார். “முன்னாடி நிக்கிறவங்கள ஒரு ஆள் அகலத்துக்கு ஒதுங்கச் சொல்லுங்க. அது போதும்.”

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதில் ஒருவர் படியைப் பார்த்துத் திரும்பி, தெலுங்கில் ஒரு கத்து கத்தினார். மலைக்குப் பின்னாலிருந்த மேகம் ஒதுங்கியிருக்கும். காவடிகள் ஒதுங்கியதில் ஆச்சரியமே இல்லை. ஓரமாக ஒரு ஆள் அகலத்துக்குக் கல் தெரிந்தது.

பரந்தாமன் வண்டியிலிருந்து இறங்கினார். படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இடது தோளில் காவடி. வலது உள்ளங்கையை மேல்படியில் ஊன்றி, உடம்பை எழுப்பி, வைத்தார். ஒரு படி. எல்லோரும் சாமியைப் பார்த்து ஏற, அவர் மட்டும் ஊரைப் பார்த்துக்கொண்டு ஏறினார். எதிரே இரண்டு படி கீழே எல்லப்பன், வெறுங்கையோடு, என்ன செய்வது என்று தெரியாமல் கையைக் கூப்பியும் பிரித்தும் வந்தான்.

“எத்தினிடா இருக்குது?”

“ஏன், உனக்குத் தெரீலியா?”

“எனக்கு எப்டிடா தெரியும்? நீதான் மேல பாத்துகினு வர்றே.”

“எட்டு.”

கல் வெயிலைக் குடித்து வைத்திருந்தது. உள்ளங்கை பழுத்தது. பின்னால் ஏதோ சர்ரென்று ஒலித்தது.

“டேய், வேட்டி கிழிஞ்சிடுச்சா பாரு.”

“மேல போயி சொல்றேன் பாவா. இப்ப சொன்னா குந்திடுவே.”

பக்கத்தில் ஒதுங்கி நின்ற ஒரு கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பரந்தாமனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் காவடி ஆடும் என்பதால் பல்லைக் கடித்தார்.

“மணி?”

“நாலு அஞ்சு. நாலு படி கீது.”

ஊன்றினார், எழும்பினார், உட்கார்ந்தார்.

“மூணு” என்றான் எல்லப்பன். “ரெண்டு.” அப்புறம் விரலை மட்டும் காட்டினான், ஒன்று.

பரந்தாமன் பழுத்த உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, பின்னால் கையை நீட்டிக் கடைசிப் படியைத் தேடினார்.